இரு படங்கள், ஒரு கிணறு: ‘ரசென்’ தந்த ஏமாற்றம்

1998ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் இரண்டு படங்கள் இணைந்து வெளியாயின. முதலாவது, ஹிடியோ நகாடா இயக்கிய ‘ரிங்கு’. இரண்டாவது, ஜோஜி ஈடா இயக்கிய ‘ரசென்’. கோஜி சுஸுகி எழுதிய இரு நாவல்களின் திரைவடிவங்கள் இவை. முதற்படத்தின் கதை முடியும் இடத்தில் இரண்டாவது தொடங்குகிறது. நடிகர்களும் பலர் பொது. முதலாவது உலகெங்கும் பேசப்பட்டது. இரண்டாவதை அதன் தயாரிப்பாளர்களே ஓராண்டுக்குள் மறந்துவிட்டார்கள். 1999 ஜனவரியில் ‘ரிங்கு 2’ வந்தபோது, ‘ரசென்’ என்றொரு படம் எடுக்கப்படவே இல்லை என்பதுபோலக் கதை வேறு வழியில் நடந்தது.

இந்த விந்தையான வரலாறுதான் அப்படத்தைத் தேடிப் பார்க்க எங்களைத் தூண்டியது. அன்றைய ஜப்பானியப் பார்வையாளர் கண்ட விதமாகவே காணவேண்டும் என்று, நண்பர்கள் சிலர் கூடி, ஒரே இரவில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். முதற்படம் முடிந்தபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. விளக்கைப் போடவும் யாரும் எழவில்லை. இரண்டாவது படத்தின் பாதியிலேயே ஒருவர் தேநீர் போடப் போய்விட்டார். திரும்பி வந்து, விட்டுப்போனது என்ன என்று அவர் கேட்கவும் இல்லை. இரு படங்களுக்கும் உள்ள தொலைவு இவ்வளவுதான் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தத் தொலைவு எப்படி உண்டாயிற்று என்ற கேள்வி எங்களை விடவில்லை.

‘ரசென்’ திறமையற்றவர்கள் எடுத்த படமன்று. ஈடா அதற்கு முன்பே, மனவியல் ஆற்றல் படைத்த சகோதரர் இருவரைப் பற்றிய ‘நைட் ஹெட்’ தொலைக்காட்சித் தொடரால் பெயர் பெற்றவர். 1995இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ‘ரிங்’ வடிவத்தின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு. கதையின் தொடக்கமும் வலுவானது. பிணக்கூறு மருத்துவர் மிட்சுவோ ஆண்டோ, தம் சிறுவயது மகனைக் கடலில் பறிகொடுத்தவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு நாட்களைக் கடத்துபவர். அவருடைய மேசைக்கு ஒரு நாள் பழைய கல்லூரித் தோழன் ரியூஜி தகயாமாவின் உடல் வருகிறது. முதற்படத்தின் இறுதியில் சதாகோவின் பார்வைக்கு இரையான அதே ரியூஜி. அவன் உடலுக்குள்ளிருந்து எண்கள் எழுதிய ஒரு தாள் துண்டு கிடைக்கிறது.

துயருற்ற ஒரு தந்தை. அவர் கையாலேயே அறுக்கப்படும் நண்பனின் உடல். இறந்தவன் அனுப்பிய செய்தி. மனத்தின் இருளை ஆராயும் படத்திற்கு இதைவிட நல்ல வாசல் அமைவது அரிது. நாங்களும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அங்கிருந்து படம் எங்கே போகிறது? ஆய்வுக்கூடத்திற்குப் போகிறது. சாபம் ஒரு நுண்கிருமி என்று கண்டறியப்படுகிறது. மரபணு, மறுபிறப்பு, படியெடுத்தல் என்று விளக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. வெண்ணிற மேலங்கி அணிந்தவர்கள் நின்று பேசுகிறார்கள், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சதாகோவுக்கு முகம் வந்துவிடுகிறது, மோகமும் வந்துவிடுகிறது. முதற்படத்தில் அவள் முகம் காட்டப்படுவதே இல்லை. கூந்தலின் இடையே ஒற்றைக் கண் மட்டுமே தெரியும். நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமெடுத்து, அதைத் தலைகீழாக ஓட்டியதால் உண்டான அந்த நடை, எந்த உயிருக்கும் உரியதாகத் தோன்றாது. அதற்குப் பின் அழகிய முகத்தோடு வந்து நிற்கும் சதாகோவைக் கண்டு யார் அஞ்சுவார்?

விளக்கம் அச்சத்தைக் கொன்றுவிட்டது என்று இவ்விடத்தில் முடித்துவிடுவது எளிது. பலரும் அவ்வாறே முடித்திருக்கிறார்கள். ஆனால் அஞ்சாமற் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இதில் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. அதைச் சொல்ல, சதாகோ வந்த வழியைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

ஜப்பானியப் பேய்க்கதை மரபின் பெருங்கூத்து, நான்காம் நான்போகு த்சுருயா எழுதிய ‘தோகாய்தோ யோத்சுயா கைதான்’. 1825இல் எடோ நகரின் நகமுரா அரங்கில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்ட கபுகி நாடகம் அது. வறுமையில் உழலும் சாமுராய் ஈயேமோன் மேலான வாழ்வை நாடுகிறான். மருந்தென்று சொல்லிக் கொடுக்கப்பட்ட நஞ்சால் அவன் மனைவி ஓய்வாவின் முகம் சிதைகிறது. தலை வாருகையில் கூந்தல் கற்றை கற்றையாக உதிர்கிறது. அவள் இறக்கிறாள், பின் திரும்பி வருகிறாள். சதாகோவின் நீள்கூந்தலும் வீங்கித் திரும்பிய விழியும் ஓய்வாவிடமிருந்து வந்தவை என்பது பார்த்தவுடன் விளங்கும். அவள் கிணறோ மற்றொரு பெண்ணுக்கு உரியது. பத்துத் தட்டுகளில் ஒன்று காணாமற்போன பழிக்காகக் கிணற்றில் மாண்ட பணிப்பெண் ஓகிகு, இரவுதோறும் ஒன்பதுவரை எண்ணி அழுவாள் என்பது பழங்கதை. ஹிமேஜி கோட்டையில் ‘ஓகிகுவின் கிணறு’ என்று இன்றும் ஒரு கிணற்றைக் காட்டுகிறார்கள்.

இவ்விருவரும் கதைமாந்தர்கள். சதாகோவின் கதைக்குப் பின்னால் குருதியும் தசையுமாக வாழ்ந்த ஒருத்தியும் இருக்கிறாள். குமமோத்தோவில் 1886இல் பிறந்த சிசூகோ மிஃபுனே, மூடிய உறைக்குள் எழுதியிருப்பதைக் காணாமலே சொல்ல வல்லவர் எனப் பெயர் பெற்றார். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் தொமோகிச்சி ஃபுகுராய் அவரை ஆராய்ந்தார். 1910 செப்டம்பரில் டோக்கியோவில், அறிஞர் பலர் கூடிய அவையில் அவர் சோதிக்கப்பட்டார். இயற்பியலாளர் கென்ஜிரோ யமகாவா, எழுத்துகள் வரைந்த தாள்களை ஈயக் குழாய்க்குள் வைத்து மூடிக் கொடுத்திருந்தார். சிசூகோ விடை சொன்னார். ஆனால் அவர் படித்தது யமகாவா கொடுத்த தாளை அன்று, பயிற்சிக்காக ஃபுகுராய் முன்பு கொடுத்திருந்த தாளை. ஐயம் எழுந்தது, செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக்கின. 1911 ஜனவரியில் சிசூகோ நஞ்சருந்தி இறந்தார். அப்போது அவருக்கு வயது 24.

ஃபுகுராய் நிற்கவில்லை. எண்ணத்தின் வலிமையால் ஒளிப்படத் தகட்டில் உருவங்களைப் பதிக்கமுடியும் என்று அவர் நம்பினார். அதற்கென அவர் ஆராய்ந்த பெண்களுள் ஒருவர் பெயர் சதாகோ தகஹாஷி. 1913இல் இவற்றையெல்லாம் நூலாக வெளியிட்டார். அதன் விளைவாகப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார்.

சிசூகோவிடம் அத்தகைய ஆற்றல் இருந்ததாக நாம் நம்பவேண்டியதில்லை. யமகாவா எழுப்பிய ஐயம் நியாயமானது. அறிவியல் அவ்வாறுதான் கேட்கவேண்டும். ஆனால் ஊருக்குள் வாழ்ந்த ஓர் இளம்பெண் தலைநகரத்து அவையில் நிறுத்தப்பட்டு, சிலருக்குச் சான்றாகவும் சிலருக்கு மோசடியாகவும் மட்டுமே தென்பட்டு, இருபத்து நான்கு வயதில் முடிந்துபோனாள் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

‘ரிங்கு’ படத்தில், செய்தியாளர் நிறைந்த அவையில் தன் ஆற்றலைக் காட்டி, மோசடிக்காரி என்று கூச்சலிடப்பட்டு, பின்னர் மிஹாரா எரிமலை வாயில் விழுந்து மாளும் ஷிசூகோ யமமுரா யாரென்று இப்போது விளங்கும். அவள் மகள்தான் சதாகோ. அறிஞராகிய தந்தையே அவளைக் கிணற்றில் தள்ளுகிறார். தகட்டில் பதிந்ததாகச் சொல்லப்பட்ட எண்ணம் இங்கே காணொளி நாடாவில் பதிகிறது. திரைக்கதையாளர் ஹிரோஷி தகஹாஷியும் நகாடாவும் நாவலில் பலவற்றை மாற்றினார்கள். நாவலின் ஆண் செய்தியாளன், திரையில் ரெய்கோ என்ற தாயானான். நாவலில் சதாகோவின் சாவுக்குக் காரணமானவன் வேறொருவன். அவ்வழியாகத்தான் பெரியம்மைக் கிருமி கதைக்குள் வருகிறது. திரையில் அது இல்லை. எஞ்சியது ஒன்றே: அவமதிக்கப்பட்ட தாய், கொல்லப்பட்ட மகள், ஓயாத சினம்.

இப்போது ‘ரசென்’ செய்ததைப் பார்ப்போம். அது நாவலின் வழியே சென்று கிருமியை மறுபடி கொண்டுவருகிறது. சதாகோ இனி யாரும் இழைத்த தீங்கின் நினைவு அல்லள். பரவும் ஆசை கொண்ட ஓர் உயிரிப்பொருள். அன்று அவையில் சிசூகோவைச் சூழ்ந்து நின்ற அறிஞர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் படமும் கேட்கிறது: இது எப்படி இயங்குகிறது? இவளுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி எழவே இல்லை. ஓய்வா இரு நூற்றாண்டுகளாக மேடையேறிக்கொண்டிருப்பது அவள் எப்படித் தோன்றுகிறாள் என்பதற்காக மட்டுமன்று. ஈயேமோன் செய்ததை யாரேனும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவும்தான். அந்தக் கடனை ‘ரசென்’ கைகழுவிவிட்டது.

மற்றொரு கடனையும் கைகழுவியது. ‘ரிங்கு’ முடிவில் ரெய்கோ, மகன் யோய்ச்சியைக் காக்க, நாடாவின் படியைத் தன் தந்தைக்குக் காட்டும் எண்ணத்தோடு காரை ஓட்டிப் போகிறாள். பேரனுக்காகத் தாத்தா. நள்ளிரவில் எங்களை வாயடைக்கச் செய்தது சதாகோ தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வெளிவந்த காட்சியைக் காட்டிலும் அந்தச் சாலைதான். நாமாக இருந்தால் என்ன செய்வோம் என்று ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம். ‘ரசென்’ தாயையும் மகனையும் சாகவிட்டு விரைந்து கடந்துபோகிறது. அவள் செய்யத் துணிந்ததன் பாரம் யார் தோளிலும் இறங்கவில்லை.

ஆண்டோவின் கதையில் அந்தப் பாரத்தை மீட்டிருக்கலாம். இறந்த மகன் மீண்டு வருவான் என்ற ஆசைக்காக உலகத்தையே பணயம் வைக்கும் தந்தை, ரெய்கோவுக்கு உரிய இணை. ஒரு தாய் ஒருவரைப் பலியிட்டாள். ஒரு தந்தை அனைவரையும் பலியிடுகிறார். இந்த இணையைப் படம் கண்டதாகவே தெரியவில்லை. அவருடைய தடுமாற்றத்திற்கு வேண்டிய நேரத்தை விளக்கங்கள் எடுத்துக்கொண்டன. இறுதியில் கடற்கரையில் அவர் நிற்கும்போது, அவர் மனத்துள் என்ன நிகழ்கிறது என்று அறிய நமக்கு வழியில்லை.

‘யோத்சுயா கைதான்’ 1825இல் தனித்து நிகழ்த்தப்படவில்லை. தலைவனுக்காகப் பழிவாங்கி மாண்ட நாற்பத்தேழு வீரர்களின் புகழ்பாடும் ‘சூஷிங்குரா’ நாடகத்தோடு பின்னி, இரண்டு நாட்கள் மேடையேற்றினார்கள். ஈயேமோனும் அதே தலைவனின் ஆள்தான். ஒரு நாடகம் விசுவாசத்தைப் போற்ற, அதே குடியைச் சேர்ந்த ஒருவன் வீட்டுக்குள் மனைவிக்கு என்ன செய்தான் என்று மற்றது காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று உரசிப் பொருளைப் பெருக்கின. 1998இல் இணைக்கப்பட்ட இரு படங்களிலோ, இரண்டாவது முதலாவதன் பொருளை அழிக்கிறது. அதை மறந்தால்தான் ‘ரிங்கு’ முழுமையாக எஞ்சும். தயாரிப்பாளர்கள் அதைப் புறந்தள்ளியது வணிகக் கணக்காக இருக்கலாம். எனினும் அதில் ஒரு விமரிசன நியாயமும் இருந்தது.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்லவேண்டும். சுஸுகியின் கற்பனை எளியதன்று. நாடாவில் தொடங்கிய சாபம் எழுத்தின் வழியாகவும் பரவும், படிப்பவரே அதைச் சுமப்பவர் ஆவார் என்ற எண்ணத்தை அவர் 1995இல் எழுதினார். 2020இன் பெருந்தொற்றையும், ஒரு நொடியில் ஊரெங்கும் பரவும் பொய்ச்செய்திகளையும் கண்டுவிட்ட நமக்கு அது முன்னறிவிப்பாகவே தோன்றுகிறது. நாவலில் மெல்ல ஊறும் அந்த எண்ணம், திரையில் வசனமாகச் சுருங்கியது. ‘ரிங்கு 2’ம் முற்றிலும் தப்பிவிடவில்லை, அதிலும் மருத்துவர் ஒருவர் நீச்சல்குளம், கருவிகள் என்று சோதனை நடத்துகிறார். விளக்கிவிடும் ஆசை அத்தனை வலியது.

எடோ காலத்தில் நூறு கதைகள் சொல்லும் வழக்கம் ஒன்று இருந்தது. நூறு விளக்குகளை ஏற்றிவைத்து, ஒரு கதைக்கு ஒரு விளக்காக அணைப்பார்கள். நூறாவது அணைந்தால் மெய்யாகவே ஏதோ வந்துவிடும் என்று அஞ்சி, தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. எங்கள் இரவும் ஏறக்குறைய அவ்வாறே முடிந்தது. இரண்டாவது படம் ஓடி முடிந்தபின், தேநீர் போட்ட நண்பர் ‘ரிங்கு’வின் இறுதிச் சாலைக் காட்சியை மட்டும் மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். போட்டோம். கார் தொலைவில் சென்று மறையும்வரை பார்த்துவிட்டு, அதற்குமேல் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினோம்.