பிள்ளை தவறு செய்தால்: சீரமைப்பு நீதிக் கூட்டம் பற்றி அறிவோம்

கேரித் தீவு போன்ற செம்பனைத் தோட்டக் குடியிருப்பில், 16 வயதுப் பையன் அண்டை வீட்டாரின் மோட்டார் சைக்கிளைத் திருடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு முடிந்த பிறகும் இரு குடும்பங்களும் ஒரே கோயிலிலும் ஒரே கடையிலும் முகம் பார்த்தாக வேண்டும். தண்டனை மட்டும் அந்தக் கசப்பைத் தீர்க்காது. அதைத் தீர்க்கும் முயற்சியே சீரமைப்பு நீதிக் கூட்டம்.

1974-இல் கனடாவின் எல்மைரா நகரில், 22 பேரின் சொத்துகளைச் சேதப்படுத்திய இரு இளைஞர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்து இழப்பீடு கொடுத்தனர். 1989-இல் நியூசிலாந்து, மவோரி மக்களின் வழக்கத்தைத் தழுவிக் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாக்கியது. சிங்கப்பூர் இளையர் நீதிமன்றமும் இம்முறையைப் பயன்படுத்தியுள்ளது.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

பையன் தவற்றை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். நடந்ததைப் பையன் சொல்வான். பாதிக்கப்பட்டவர், தாம் பட்ட சிரமத்தை அவனிடமே சொல்வார். பிறகு மன்னிப்பு, இழப்பீடு, செய்ய வேண்டிய வேலை ஆகியவை காலக்கெடுவுடன் எழுத்தில் முடிவாகும். சொன்னதைச் செய்கிறானா என்பதும் கண்காணிக்கப்படும். ஆகவே இது வெறும் 'மன்னித்துவிட்டோம்' என்ற சமாதானம் அல்ல.

மலேசியாவில்

2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர் சிறார். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரு ஆலோசகர்கள் அமர்வர். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உத்தரவுக்கு முன் பிள்ளையின் நடத்தை, குடும்பச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம் குறித்து நன்னடத்தை அதிகாரி அறிக்கை அளிப்பார். இழப்பீடு வழங்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். அதைப் பெற்றோரே செலுத்த நேரலாம்.

பெற்றோர் கவனத்திற்கு

வீட்டுக்குள் பேசிப் பணம் கொடுத்தால் போலீஸ் வழக்கு தானாக முடிந்துவிடாது. வழக்கறிஞரையும் நன்னடத்தை அதிகாரியையும் கேட்ட பிறகே அடுத்த அடி வையுங்கள். பிள்ளை மனம் வருந்துவதையும் நஷ்டத்தை ஈடுகட்டத் தயாராக இருப்பதையும் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயர், படம், பள்ளி ஆகியவற்றை ஊடகத்தில் வெளியிடுவது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். அந்தப் பையன் மீண்டும் நம் நடுவில்தான் வாழப்போகிறான்.