புல்வெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளின் புறநகர் வீடுகளில் குளிர்காலம் முடிந்து புல் தலைதூக்கியதும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மாதக்கணக்கில் கொட்டகையில் கிடந்த புல்வெட்டியை வெளியே எடுத்து, கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் கிளம்புவதில்லை. பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா? வீட்டுக்காரர் தம் கையிருப்பைக் கணக்குப் பார்த்து எடுக்கும் சின்ன முடிவாகத்தான் இது வெளிப்பார்வைக்குத் தெரிகிறது. ஆனால் பின்னால் நடந்தபடி தள்ளும் இந்த இயந்திரத்தின் வரலாற்றைப் புரட்டினால், அந்த முடிவின் பெரும்பகுதி அவர் கயிற்றில் கை வைப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்பது விளங்கும். வடிவமைப்பாளரும், விற்பனை முறையும், பெட்ரோல் பங்கில் கிடைக்கும் எரிபொருளும், சட்டமன்றமும் சேர்ந்து அதை எடுத்திருக்கின்றன. புல்வெட்டியின் ஆயுளைப் பெரும்பாலும் முடித்துவைத்தது இரும்பின் தேய்மானம் அல்ல. பழுது பார்க்கும் ஏற்பாடு கலைந்துபோனதுதான்.

இயந்திரம் பிறந்த இடமே இதற்கு முதல் சான்று. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் உள்ள ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு கம்பளி ஆலைகளுக்குப் பேர்போனது. நெய்த துணியின் மேல் நிற்கும் பிசிறைச் சீராகக் கத்தரிக்க, சுழலும் உருளையில் கத்திகள் பொருத்திய இயந்திரம் அங்கே புழக்கத்தில் இருந்தது. எட்வின் பட்டிங் என்ற பொறியாளர் அந்த உத்தியைத் தரையில் வளரும் புல்லுக்குக் கொண்டுவந்தார். 1830 ஆகஸ்ட் 31 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஜான் ஃபெரபீ பணம் போட, த்ரப் என்ற ஊரில் இருந்த அவருடைய வார்ப்படச்சாலையில் 19 அங்குல அகல இயந்திரங்கள் உருவாயின. பின்னால் உள்ள உருளை தரையில் உருள, அந்தச் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வேகப்படுத்தி வெட்டும் உருளைக்குக் கொடுத்தன. 1832இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிப்பில் இறங்கியது. அதுவரை புல்தரை என்பது நீண்ட பிடி அரிவாள் வீசும் தொழிலாளரின் கைத்திறனில் இருந்தது. கத்தி மழுங்கினால் இடுப்பில் வைத்திருந்த கல்லில் அவரே தீட்டிக்கொள்வார். பட்டிங்கின் இயந்திரம் அந்தப் பராமரிப்பை ஒழிக்கவில்லை, திருகாணிக்கும் நட்டுக்கும் மாற்றியது. வெட்டும் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. வாயின் அகலத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பேனர் ஒன்றை உருவாக்கிய பெருமையும் பட்டிங்குக்கே தரப்படுகிறது. திறந்து, சரிசெய்து, மூடுவதற்காகவே செய்யப்பட்ட பொருளாகத்தான் புல்வெட்டி உலகுக்கு வந்தது.

உருளைக் கத்தி முறைக்குப் பராமரிப்பு இல்லாமல் வாழ்வில்லை. சுழலும் கத்திகளும் அடியில் அசையாமல் இருக்கும் தட்டைக் கத்தியும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள் போல ஒன்றையொன்று உரசியும் உரசாமலும் சந்திக்க வேண்டும். இடைவெளி சரியா என்று பார்க்க இன்றும் ஒரு தாள் துண்டு போதும்: இரண்டுக்கும் நடுவில் அதைப் பிடித்து உருளையைக் கையால் மெல்லத் திருப்பினால், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எல்லா இடத்திலும் தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் மடங்கி நழுவினால் அந்தப் பக்கத்துத் திருகாணியை இம்மியளவு முடுக்க வேண்டும். விளிம்பு மழுங்கியிருந்தால் தேய்ப்புப் பசையைத் தடவி உருளையைப் பின்னோக்கிச் சுழற்றித் தீட்ட வேண்டும். இந்த நுணுக்கம் எல்லோருக்கும் கைவராது என்பதைத் தயாரிப்பாளர்களும் அறிந்திருந்தார்கள். 1921இல் பர்மிங்ஹாமின் சார்லஸ் பியூ நிறுவனம் ஆட்கோ என்ற பெயரில் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய 22 அங்குலப் புல்வெட்டியைக் கொண்டுவந்தது. விலை 75 பவுண்டு. முதல் ஆண்டில் செய்தவை 900 மட்டுமே. சில ஆண்டுகளில் உற்பத்தி பல்லாயிரமாகப் பெருகியபோது, இயந்திரத்தோடு அதைப் பராமரிக்கும் பணிமனைகளையும் நிறுவனம் நாடெங்கும் நடத்தியது. புல் வளராத குளிர்காலத்தில் இயந்திரம் பணிமனைக்குப் போய், பிரித்துச் சுத்தம் செய்யப்பட்டு, கத்தி தீட்டப்பட்டு வசந்தத்துக்குள் வீடு திரும்பும். அந்த அளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை ஒரு பருவம் கிளம்பவில்லை என்பதற்காக யாரும் தூக்கிப் போடவில்லை. பழுது பார்ப்பது அங்கே விற்பனையின் ஓர் அங்கம்.

அந்தப் பிணைப்பைத் தளர்த்தியது சுழல் கத்தி முறை. கிடைமட்டமாகச் சுழலும் ஒற்றைக் கத்தி, கத்தரிப்பதில்லை. வேகத்தாலேயே புல்லை அறுக்கிறது. பிரிட்டனில் 1930களிலேயே ரோட்டோசைத் என்ற பெயரில் இது வந்துவிட்டாலும், பெருவாரியான வீடுகளை எட்டியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1952இல் சிட்னியின் கான்கார்ட் பகுதியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன், காலி பீச் பழ டின் ஒன்றைப் பெட்ரோல் டாங்க்காக வைத்து விக்டா புல்வெட்டியின் முதல் மாதிரியைச் செய்தார். 1953இல் அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் அலுமினிய வார்ப்பில் எடை குறைந்த எஞ்சினைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் லெவிட்டவுன் போன்ற புதிய குடியிருப்புகளில், வாரம் ஒருமுறை புல் வெட்டுவது வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதப்பட்டது. புதிய இயந்திரம் எளிமையானது. இடைவெளி பார்க்க வேண்டியதில்லை, கத்தியைக் கழற்றி அரத்தால் தேய்த்தால் கூர் வந்துவிடும். பழுது பார்ப்பதற்கு இவ்வளவு சுலபமான பொருள்தான் தூக்கிப் போடும் பொருளாகவும் ஆனது என்பதில் ஒரு முரண் இருக்கிறது. காரணம், அதன் விலை இறங்கியபோது அது மெக்கானிக் இருந்த கடையை விட்டு வெளியேறி, பெட்டியோடு அடுக்கி விற்கும் பல்பொருள் அங்காடிக்குப் போனது. விற்றவருக்குக் கத்தியின் கூரோடு இனி எந்த உறவும் இல்லை.

அடுத்த மாற்றம் சட்டத்தால் வந்தது. அதன் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுழல் கத்தியின் முனை மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர் வேகம் வரை சுழலலாம் என்று அமெரிக்கத் தரவிதி அனுமதிக்கிறது. விரல்களையும் பாதங்களையும் இழந்தவர்கள் ஏராளம். எனவே பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்ற விதி 1982இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கத்தி மட்டும் நிற்கும்படி கிளட்ச் வைப்பது ஒரு வழி. எஞ்சினையே நிறுத்திவிடுவது இன்னொரு வழி. 1981இல் அமெரிக்க நாடாளுமன்றம் செய்த திருத்தம், கையால் மீண்டும் கிளப்பும் இரண்டாவது வழிக்கும் இடம் கொடுத்தது. செலவு குறைந்த அந்த வழியே பரவியது. விளைவாக, புல் சேரும் பையைக் கொட்டக் கையை எடுத்தாலும் எஞ்சின் நிற்கும், மறுபடி கயிறு இழுக்க வேண்டும். ஒருமுறை கிளப்பினால் வேலை முடியும் வரை ஓடிய காலத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்த சிறு கோளாறு, ஒரு மணி நேரத்தில் பலமுறை கிளப்ப வேண்டிய காலத்தில் தாங்க முடியாத தொல்லையாகிறது. பாதுகாப்பு விதி இயந்திரத்தைக் கெடுக்கவில்லை. ஆனால் பராமரிப்பில் காட்டும் அலட்சியத்தின் விலையை உயர்த்திவிட்டது.

எரிபொருள் அந்த விலையை மேலும் உயர்த்தியது. 1997 மாடல் முதல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் புகைக் கட்டுப்பாடு சிறிய எஞ்சின்களுக்கும் பொருந்தியது. காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை வீட்டுக்காரர் திருகிச் சரிசெய்யும் வாய்ப்பு பெரும்பாலான கார்புரேட்டர்களில் மறைந்தது. 2010 வாக்கில் அந்நாட்டுப் பெட்ரோலில் பெரும்பகுதி 10 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோலும் கெட்டு, பிசினாகப் படியும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் ஊசிமுனை அளவுள்ள ஜெட் துளை அடைபட இது போதும். வசந்தத்தில் கிளம்பாத எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டில் மெல்லிய கம்பியை விட்டு, காற்று ஊதிச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. இன்னொரு கோளாறு, கத்தி மர வேரில் மோதிய பிறகு வருவது. ஃபிளைவீலையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் பிணைக்கும் சிறு சாவி பல எஞ்சின்களில் மென்மையான அலுமினியத்தால் ஆனது. கத்தி திடீரென நிற்க, ஃபிளைவீல் நிற்காமல் சுழல முயல, சாவி நசுங்கிவிடும். தீப்பொறி நேரம் தவறி விழும். கயிறு கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கும். எஞ்சினே போய்விட்டது என்று வீட்டுக்காரர் நினைப்பார். மாற்ற வேண்டியது விரல் நுனி அளவுள்ள, மிக மலிவான ஓர் உலோகத் துண்டு.

மெக்கானிக்கின் கூலி புதிய இயந்திரத்தின் விலையை எட்டும்போது பழுது பார்ப்பதில் என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். கூலி உயர்ந்த நாடுகளில் இது நியாயமான கேள்வி. ஆனால் கணக்கில் ஒரு பிழை உண்டு. கெட்ட பெட்ரோலால் நின்ற இயந்திரத்துக்குப் பதில் புதிதாக வாங்கியவர், குளிர்காலத்தில் டாங்கை வடிக்காமல் விட்டால், அடுத்த வசந்தத்திலும் அதே இடத்தில்தான் நிற்பார். அவர் காசு கொடுத்து வாங்கியது தீர்வு அல்ல, ஓராண்டு அவகாசம். பருவத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் பார்ப்பது, கத்தியைத் தீட்டுவது, கிடப்பில் போடுமுன் பெட்ரோலை வடிப்பது ஆகிய எதற்கும் மெக்கானிக் வேண்டாம். பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டுக் கத்திப் பக்கம் கை வைக்கும் எச்சரிக்கை மட்டும் வேண்டும்.

பழைய எஞ்சினைக் காப்பாற்றுவது காற்றைக் கெடுப்பதாகாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. தொழில்முறைப் புல்வெட்டி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால், புதிய காரில் சுமார் 480 கிலோமீட்டர் போவதற்குச் சமமான புகைமூட்ட மாசு உண்டாகும் என்பது கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் கணக்கு. 2021இல் அம்மாநிலம் சட்டம் இயற்றி, 2024 முதல் இவ்வகைப் புதிய பெட்ரோல் எஞ்சின்களின் விற்பனைக்கு முடிவு கட்டியது. கையில் இருப்பதைப் பயன்படுத்தத் தடை விதிக்கவில்லை. நாள்தோறும் பல தோட்டங்களில் வெட்டுவோர் மின் இயந்திரத்துக்கு மாறுவதே சரி. அதுபோல 1982க்கு முந்தைய, கத்தி தானாக நிற்காத சுழல் புல்வெட்டியை ஓட்டாமல் ஓய்வு கொடுப்பதுதான் பொறுப்பு. கிராங்க் ஷாஃப்ட் வளைந்து இயந்திரம் அதிர்ந்தாலோ, சிலிண்டர் தேய்ந்து கம்ப்ரஷன் போனாலோ, எஞ்சின் உட்காரும் இடத்தில் தகடு துருவேறி ஓட்டையானாலோ மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்கான உண்மைக் காரணங்கள் இவை. கார்புரேட்டரும் சாவியும் இந்தப் பட்டியலில் இல்லை. வாரம் ஒருமுறை சிறு முற்றத்தை வெட்டுபவர் அவற்றைச் சரிசெய்து இருப்பதையே ஓட்டினால் குற்றமில்லை.

மின்கல இயந்திரம் வந்தால் பழுதுப் பிரச்சினையே தீரும் என்ற நம்பிக்கைக்கும் வரலாறு துணை நிற்கவில்லை. கார்புரேட்டர் போகும், உண்மை. ஆனால் ஒரு நிறுவனத்தின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் சேராது. சில ஆண்டில் பேட்டரி தளரும்போது, இயந்திரத்தின் விலையில் கணிசமான பங்கை அதற்கே கொடுக்க நேரும். அந்த மாடலையே நிறுவனம் கைவிட்டிருந்தால், நல்ல மோட்டாரும் நல்ல கத்தியும் குப்பைக்குப் போகும். நிறுவனங்கள் நிலையானவை என்று நம்பியிருக்கவும் முடியாது: 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 2020இல் திவால் பாதுகாப்புக் கேட்டு, கைமாறியது, ஹோண்டா 2023இல் அமெரிக்காவில் பெட்ரோல் புல்வெட்டித் தயாரிப்பை நிறுத்தியது. அப்படியும் அவற்றின் எஞ்சின்களைப் பிரித்துப் பழகிய கைகளும், பல நிறுவனங்கள் செய்யும் பொருந்தும் உதிரிகளும் இருப்பதால் அந்தப் புல்வெட்டிகள் ஓடுகின்றன. மின்கலத்துக்கும் அதே நிலை வர வேண்டும். பொது அளவில் பேட்டரி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரிபாக உத்தரவாதம், எல்லோருக்கும் திறந்த பழுதுக் கையேடு ஆகிய மூன்றையும் புகைக் கட்டுப்பாட்டுக்குக் காட்டிய அதே உறுதியோடு சட்டம் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஆயிலும் பெட்ரோலும் வரைதான். மீதி ஆயுள் தயாரிப்பாளர் கையிலும் சட்டமன்றத்தின் கையிலும் இருக்கிறது.