பானை உடைந்த கதை

திருவொற்றியூர் சிவபெருமானுக்கு எழுத்தறியும் பெருமான் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு ஊரார் சொல்லும் காரணம் வெகு ருசியானது. முன்னொரு காலத்தில் ஓர் அரசன், கோயில்களெல்லாம் வரி செலுத்த வேண்டும் என்று ஓலை எழுதுவித்து ஊர் ஊராக அனுப்பினான். ஓலையைப் பிரித்துப் பார்த்தால், வரிகளுக்கு நடுவே, எழுதியவன் எழுதாத இரண்டு சொற்கள் இருந்தன: 'ஒற்றியூர் நீங்கலாக.' எழுதியவன் நடுங்கினான், அரசன் திகைத்தான், கடைசியில் அது இறைவனுடைய கையெழுத்து என்று தெளிந்தார்கள். என் கைப்பிரதிகளிலும் பத்திரிகை ஆசிரியர்கள் வரிகளுக்கு நடுவே சொற்களைச் செருகுவதுண்டு. இவ்வளவு நல்ல திருத்தம் எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது. ஒற்றியூர் என்ற சொல்லை எடுத்துவிட்டால் அப்புறம் கதை ஏது? சுந்தரர் சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்த மகிழ மரமும் அப்படித்தான். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் அந்தச் சத்தியத்தை நடத்திக் காட்டுகிறார்கள். பட்டினத்தார் அடங்கிய கடற்கரையும் அப்படியே. இவையெல்லாம் நங்கூரம் போட்ட கதைகள்.

பாய் விரித்த கதைகள் வேறு ஜாதி. அவற்றுக்கு ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். உதாரணத்துக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பஞ்சதந்திரத்தில் ஒரு பிராமணன். பிச்சையெடுத்த மாவைப் பானையில் போட்டு, கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டு, படுத்தபடி கணக்குப் போடுகிறான். பஞ்சம் வரும், மாவை விற்று ஆடு வாங்கலாம், ஆட்டை விற்று மாடு, மாட்டை விற்றுக் குதிரை, பிறகு கல்யாணம், ஒரு பிள்ளை. பிள்ளை அழுகிறான், பெண்டாட்டி கவனிக்கவில்லை. கோபத்தில் விட்டான் ஓர் உதை! பானை உடைந்து தலையெல்லாம் வெள்ளை மாவு. இந்தப் பஞ்சதந்திரத்தைச் சென்னைக் கல்விச் சங்கத்துத் தலைமைத் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார் 1826-ல் தமிழ் வசனத்தில், அதுவும் மராத்தியிலிருந்து, கொண்டுவந்தார். சொந்த தேசத்துக்குள்ளேயே கதை இவ்வளவு சுற்றுகிறது.

வெளித்தேசத்துக்கு அது புறப்பட்டது மிக முன்பு. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக அரசன் அனுஷிர்வானின் காலத்தில் பஹ்லவி மொழிக்குப் போயிற்று. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபியாக்கினார். அரபி பேசியவர்களோடு மத்தியதரைக் கடலின் மேற்கு மூலை வரைக்கும் நடந்து, 1251-ல் ஸ்பெயின் தேசத்தில், காஸ்டில் இளவரசன் அல்ஃபோன்ஸோவின் ஆணையால் ஸ்பானிய பாஷையில் ஏறிற்று. நூலின் பெயர் 'கலீலா இ திம்னா'. நம்முடைய கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகள்தாம் வெயிலிலும் மணலிலும் அடிபட்டு இப்படிக் கறுத்துப்போயின. இதில் பானைக்குள் மாவு இல்லை, தேனும் வெண்ணெயும். உதைப்பதற்குப் பதில் தடியால் அடிக்கிறான்.

அந்த அல்ஃபோன்ஸோவின் தம்பி மகன் டான் ஹுவான் மானுவேல். பெரிய பிரபு, சண்டைக்காரன். ஆனாலும் 1335-ல் 'கோண்டே லூக்கனோர்' என்று ஓர் அருமையான கதைப்புத்தகம் எழுதினான். அதிலே பிராமணன் பெண்ணாகிவிட்டான்! திருமதி த்ருஹானா தலையில் தேன்குடத்துடன் சந்தைக்குப் போகிறாள். தேனை விற்று முட்டை, முட்டையிலிருந்து கோழி, கோழியிலிருந்து ஆடு. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கல்யாணம் முடித்து, மாப்பிள்ளை மருமகள் சூழத் தெருவில் நடக்கிறாள். ஊரே பார்த்து வியக்கிறது. சிரிப்புத் தாங்காமல் நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். குடம் கீழே. படுத்திருந்தவனை எழுப்பித் தெருவில் நடக்கவிட்டது யாருடைய மூளையோ, அவருக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

1859-ல் தியோடார் பென்ஃபே என்ற ஜெர்மானியப் பண்டிதர் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்துவிட்டு, ஐரோப்பியக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தியாவே தாய்வீடு என்றார். இதைக் கேட்டு நம்மவர்கள் சிலர் மீசையை முறுக்குவதைப் பார்க்கிறேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு, அவள் புக்ககத்தில் சமைத்த குழம்புக்கெல்லாம் நாமே பெருமை கேட்பது போன்றது இது. பிராமணனின் உதை நம்முடையது. அந்தச் சிரிப்பு த்ருஹானாவுடையது.

அரசர்களும் பிரபுக்களும் எழுதிவைத்தது ஒரு பங்குதான். 1920-ல் ஆரேலியோ எஸ்பினோஸா என்ற அமெரிக்கப் பேராசிரியர், ஸ்பானிய பாஷை பேசும் குடும்பத்துப் பிள்ளை, ஸ்பெயினுக்குப் போய்க் கிராமம் கிராமமாகக் கதை கேட்டார். 280 கதைகள் சேர்த்து 1923 முதல் 1926 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பிசினால் செய்த பொம்மையை அடித்து, ஒவ்வோர் அங்கமாக ஒட்டிக்கொண்டு அகப்படுகிறவனின் கதையை விடாமல் துரத்திய அவர், அதன் வேரைப் புத்த ஜாதகத்தில் கண்டதாக 1930-ல் எழுதினார். அந்த ஜாதகத்தில் ஐந்து ஆயுதம் தரித்த ஓர் அரசகுமாரன், பிசின்போல ஒட்டும் ரோமமுடைய யக்ஷனைக் கையால், காலால், தலையால் தாக்கி ஐந்து இடத்தில் ஒட்டிக்கொள்கிறான். அப்படியும் பயப்படவில்லை!

நம் கரைக்கும் ஸ்பானிய பாஷை பேசிய ஊர்களுக்கும் நேரே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. ஸ்பானியர் ஆண்ட மணிலாவுக்குச் சென்னையிலிருந்து துணி போயிற்று. மெக்ஸிகோவின் வெள்ளி வந்தது. ஆங்கிலேயர் அங்கே நேரடியாக வியாபாரம் செய்யத் தடை இருந்ததால், ஆர்மீனிய வர்த்தகர்களின் பெயரில் கப்பல்கள் ஓடின. 1762-ல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்தே படை அனுப்பி மணிலாவைப் பிடித்தார்கள். துறைமுகம் இல்லாத காலம் அது. மசூலாப் படகுக்காரர்கள்தாம் அலையைத் தாண்டி ஆட்களைக் கப்பலில் ஏற்ற வேண்டும். 1764-ல் படை திரும்பியபோது சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்திலுள்ள காயிந்தா என்ற ஊரில் பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பாய் விரித்துப் போன மனிதர்கள் நங்கூரம் போட்டுவிட்டார்கள். கப்பல் கணக்கில் துணிக்குப் பத்தி உண்டு, வெள்ளிக்குப் பத்தி உண்டு. மாலுமியும் சிப்பாயும் இரவில் மேல்தட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்ட கதைகளுக்கு யார் சுங்கம் வசூலித்தார்கள்?

பானைக் கதையை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் அல்ல. சிறு வயதில் நாங்கள் தண்டையார்ப்பேட்டையில் குடியிருந்தோம். காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் ஓர் ஆயா, கூடை காலியானதும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். கதை கேட்டால் முதலில் நிபந்தனை விதிப்பாள்: "உம் கொட்டணும் கண்ணு. நீ உம் கொட்டாங்காட்டி கத எங்கினு போவும்?"

அவள் கதையில் மாவுமில்லை, தேனுமில்லை. ஒரு பொம்பளை தலையில் நெத்திலிக் கூடையுடன் எண்ணூர் ரோட்டில் நடக்கிறாள். நெத்திலியை விற்று வலை, வலையிலிருந்து கட்டுமரம், கட்டுமரத்திலிருந்து விசைப்படகு. மகனுக்குக் கல்யாணம். மருமகள் பட்டுப்புடவை சரசரக்கக் காலில் விழுகிறாள். மாமியார் இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் செய்கிறாள். அவ்வளவுதான், கூடை ரோட்டில்; காக்காய்க்குக் கொண்டாட்டம்.

பஞ்சதந்திரத்தில் பேராசைக்குப் பாடம். டான் ஹுவான் மானுவேலிடம், மனக்கோட்டையை நம்பாதே என்று கடைசியில் இரண்டு வரிச் செய்யுள். ஆயாவிடம் அதெல்லாம் கிடையாது. எனக்கோ மனசு ஆறவில்லை.

"அப்புறம் அந்தப் பொம்பளை என்ன ஆனா ஆயா?"

"இன்னா ஆவா? வெறுங்கூடைய எத்துக்கினு மறுநாள் விடியக்காலம் ஏலத்துக்குப் போனா."

கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்திருப்பாள். ஸ்பெயினில், கதை முடிந்ததும் சிவப்பு என்ற சொல்லை வைத்து அர்த்தமில்லாத ஓர் எதுகை சொல்லிப் பிள்ளைகளைத் தூங்க அனுப்புவார்களாம். ஆயாவின் எதுகை கத்தரிக்காய்.

"கத முடிஞ்சிச்சி, கத்திரிக்கா காய்ச்சிச்சி. அம்மாவ கூப்புடு, துட்டு வாங்கினு நேரத்தோட போவணும்."