தஞ்சைப் பெரிய கோயிலும் அங்காடித் தெருக்களும்

திருக்கோயில்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் விமானத்தின் உயரத்தையும் சிற்பங்களின் எழிலையும் முதற்கண் பேசுவது வழக்கம். அன்றாடத் திருவமுதுக்கும் திருவிளக்குக்கும் வேண்டிய பொருள்கள் எங்கிருந்து, யாரிடமிருந்து, எம்முறையில் வந்தன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. தஞ்சை இராசராசேச்சரத்தைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கு விடை தேடி அலைய வேண்டுவதில்லை. கோயிற் சுவர்களிலேயே அது வெட்டப்பட்டுள்ளது.

கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன், தன் 25ஆம் ஆட்சியாண்டாகிய 1010இல் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தான். தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவையாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு பணித்தவனும் அவனே. ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞரின் முயற்சியால் அவை 1891 முதல் அச்சேறத் தொடங்கின. பக்திச் செய்திகளுடன் ஒரு கணக்குப் புத்தகமும் அங்கே விரிந்து கிடப்பதை உலகம் அப்பொழுதே அறிந்தது.

அக்கணக்குகளுள் மிகச் சிறியதொன்றே மிகவும் சுவையானது. பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்விக்க வேண்டும். அதற்கென மன்னன் 360 காசு ஒதுக்கினான். அக்காசைக் கருவூலத்தில் பூட்டி வைத்து, அவ்வப்போது பழம் வாங்கியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. நித்தவினோதப் பெருந்தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி முதலிய தஞ்சை வணிகத் தெருக்களின் நகரத்தாரிடமே அம்முதல் ஒப்படைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. ஆகவே 360 காசுக்கு 45 காசு கிடைக்கும். காசுக்கு 1,200 பழம் என்பது விலை. ஆண்டை 360 நாளாகக் கொண்டால், நாளுக்கு 150 பழம் வழுவாமல் வந்து விடுகின்றது! வட்டி பழமாகக் கோயிலுக்கு வந்தது. முதலோ அங்காடியிலேயே தங்கி வணிகத்துக்குப் பயன்பட்டது. வாங்குபவரே விற்பவருக்கு முதலீடு அளித்த ஏற்பாடு இது. இன்றைய திருவிழாக் குழுக்களின் கணக்கர்கள் ஒரு முறையேனும் படித்துப் பார்க்கத் தக்க கல்வெட்டு.

விளக்கெரிக்கும் நெய்யும் இவ்வாறே கிடைத்தது. ஒரு திருவிளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று வகுத்து அவற்றை இடையர்களிடம் ஒப்புவித்தனர். ஒவ்வொரு விளக்குக்கும் நாள்தோறும் உழக்கு நெய் அளப்பது அவர் கடன். ஏலவரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் ஆகிய நறுமணப் பொருள்களுக்காக ஊர்ச்சபைகளிடம் காசு முதலாக வைக்கப்பட்டது. குயவர், கன்னார், தச்சர், தையற்காரர், வண்ணார், நாவிதர் ஆகியோர் கோயிற்பணியாளராகப் பங்கு பெற்றனர். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு வீடும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல்லும் அளிக்கப்பட்டன. அவர்களுக்கு மட்டும் 40,000 கலம்! அந்நெல்லில் உண்டது போக எஞ்சியது உப்பாகவும் துணியாகவும் எண்ணெயாகவும் மாறியது அத்தெருக்களிலேதான் எனக் கருதுவதில் பிழையில்லை. கோயில் நிலக்கிழாராகவும், வேலை கொடுப்பதாகவும், பொருள் நுகர்வதாகவும், வங்கியாகவும் விளங்கியது என்று பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றில் காட்டுவது இதனையே.

ஆயினும் இதனைப் பொற்காலம் என்று மட்டும் புகழ்ந்து அமைவது முறையாகாது. சேரரையும் பாண்டியரையும் வென்று கைக்கொண்ட செல்வம் கோயிலுக்கு வந்ததைக் கல்வெட்டுகளே மறைக்காமல் கூறுகின்றன. ஒரு நாட்டின் இழப்பே மற்றொரு நாட்டின் அங்காடிக்கு முதலாயிற்று. மேலும், விளக்குக்கு விட்ட ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சோழர் காலக் கல்வெட்டுகள் அழைக்கும். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும்; மூப்படையும். ஆனால் எண்ணிக்கை குறையலாகாது என்பதே அச்சொல்லின் பொருள். நோயும் வறட்சியும் வந்தபோது ஈடு செய்யும் சுமை இடையன் தலையிலேயே விழுந்தது. நெய் அளக்கும் கடமையோ சந்திராதித்தர் உள்ளவரை அவன் வழிவழியினரைத் தொடர்ந்தது. வாழைப்பழ வணிகருக்கு முதல் கையில் புரண்டது. இடையனுக்கு மந்தையோடு கவலையும் சேர்ந்தது.

எல்லாப் பொருளும் அருகிலேயே கிடைத்ததாகவும் எண்ண வேண்டா. கோயில்கள் விரும்பிய உயர்ந்த கருப்பூரம் சோழ மண்ணில் விளைவதன்று. அது சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் துறையிலிருந்து கடல் கடந்து வந்தது. அப்பகுதியிலுள்ள லோபு துவாவில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அதனைப் பொறித்தவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர்.