வாக்கில்லாதவர் வகுத்த வரலாறு

விழுப்புரம் மாவட்டத்துக் கண்டாச்சிபுரத்தில், காலை வேளையில் பேருந்து நிறுத்தத்தருகே நின்றால், பட்டணத்துக்குப் படிக்கச் செல்லும் மாணாக்கரைக் கூட்டமாகக் காணலாம். சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு கல்லூரி மாணவர் என்னை அணுகி, "ஐயா, படிக்கிற பிள்ளைக்குக் கட்சி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நாங்கள் அரசியல் பேசுவது தவறா?" என்று வினவினார். பேருந்து வந்துவிட்டது, விடை கூற நேரமில்லை. அன்று அவருக்குச் சொல்ல எண்ணியதை இன்று உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன்.

மாணவர் அமைப்புகள் நேற்று முளைத்தவை அல்ல. 1936இல் இலக்குமணபுரியில் அகில இந்திய மாணவர் சம்மேளனம் தோன்றியபோது, அதைத் தொடங்கி வைத்தவர் நேரு. நம் நாட்டுப் பக்கம், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1943இல் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. விடுதியிலே பிராமண மாணவர்க்கு ஒரு தண்ணீர்ப் பானை, ஏனையோர்க்கு வேறொரு பானை என்றிருந்த வழக்கமே அதற்கு வித்து. தாகத்துக்கு மொண்டு குடிக்கும் தண்ணீரிலிருந்து ஓர் இயக்கம் எழுந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். அதற்கு முன் கண்டாச்சிபுரமும் சிதம்பரமும் தென்னாற்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகமே அம்மாவட்டத்தின் பெருங்கல்விக்கூடம். 1965ஆம் ஆண்டின் கிளர்ச்சியில் அதன் பெயரும் குருதியால் எழுதப்பட்டது.

கிளர்ச்சியின் காரணம் யாது? அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டுகள் வரையில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக நீடிக்கும். பின்னர் இந்தி அவ்விடத்தைப் பெறும் என்பது ஏற்பாடு. அத்தவணை 1965 சனவரி 26ஆம் நாள் முடிவுற்றது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட"லாம்" என்றே கூறிற்று. "தொடரும்" என்று உறுதி கூறவில்லை. வேலைக்கும் தேர்வுக்கும் தம் வருங்காலத்தை நம்பியிருந்த மாணவர்க்கு இந்த ஒரு சொல்லே அச்சத்தை ஊட்டியது.

சனவரி 25ஆம் நாள் மதுரையில் மாணவர் ஊர்வலம் மோதலில் முடிந்தது. தீ மாநிலமெங்கும் பரவிற்று. 27ஆம் நாள் அண்ணாமலைநகரில் காவலர் சுட்டதில் இராசேந்திரன் என்ற மாணவர் உயிர் நீத்தார். பல்கலைக்கழகத்தருகே அவர்தம் சிலை இன்றும் நிற்கிறது.

இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் வாக்களிக்கும் வயது இருபத்தொன்று. வீதியில் இறங்கிய மாணவருட் பெரும்பாலோர்க்கு வாக்குரிமையே கிடையாது. ஆயினும் அவர்கள் குரல் தில்லியை எட்டியது. பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலி வாயிலாக நாட்டு மக்களிடம் பேசினார். மத்திய அரசுடன் ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம், அகில இந்தியப் பணித் தேர்வுகள் ஆங்கிலத்திலும் நடைபெறும் என்பன போன்ற உறுதிகளை அளித்தார். 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வுறுதிகட்குச் சட்ட வடிவம் தேடித் தந்தது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. பலர் மாண்டனர். திருப்பூரில் இரு காவல் துணை ஆய்வாளர்களைக் கூட்டம் உயிரோடு கொளுத்தியது. நோக்கம் எத்துணை நேரியதாயினும், கூட்டத்தின் வெறிக்கு அஃது ஈடாகாது.

கட்சிக்கும் மாணவர்க்கும் இருந்த உறவு யாது? தி.மு.க. மாணவர் பக்கம் நின்றது. எனினும் கிளர்ச்சியை நிறுத்துமாறு அண்ணா கேட்டுக்கொண்ட பின்னரும், மாணவருட் சிலர் அதைத் தொடர்ந்தனர். இரண்டாண்டு கழித்து, 1967 தேர்தலில், மாணவர் தலைவர்களுள் ஒருவராயிருந்த பெ. சீனிவாசன் தி.மு.க. வேட்பாளராக விருதுநகரில் நின்று, பெருந்தலைவர் காமராசரை 1,285 வாக்குகளால் வென்றார். ஊர்தோறும் பள்ளி காண வைத்தவரை ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார்! போராட்டம் வாக்காக மாறிய நாள் அது. கல்லூரி வாயிலில் கட்சிகள் காத்து நிற்கத் தொடங்கிய காலமும் அதுவே எனலாம்.

பின்னாளில் கல்லூரித் தேர்தல்களிற் பணமும் அடிதடியும் புகுந்தன. 2006இல் லிங்டோ குழு, மாணவர் தேர்தல் அரசியற் கட்சிகளிடமிருந்து விலகி நிற்க வேண்டும், வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டலாகாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றமும் ஏற்றது. எனினும் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் பேரவைத் தேர்தலே நடைபெறுவதில்லை. நோய்க்கு அஞ்சி உணவையே நிறுத்துவது மருத்துவம் ஆகுமா?

1989 முதல் வாக்களிக்கும் வயது பதினெட்டு. அன்றைய மாணவர்க்கு இல்லாத வாக்கு இன்றைய மாணவரிடம் இருக்கிறது. நாட்டுக்கு வாக்களிக்கத் தகுந்தவர், தம் கல்லூரிக்கு வாக்களிக்கத் தகாதவரா?

கண்டாச்சிபுரத்து நண்பரே, அரசியல் பேசுவது தவறன்று. ஆனால் கொடி பிடிக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இக்கோரிக்கை என்னுடையதா, எவரோ என் கையில் கொடுத்ததா? கும்பகோணத்துப் பானையும் 1965இன் தேர்வுக் கவலையும் மாணவரின் சொந்தக் குறைகள். அதனாலேயே அவை வென்றன.