பந்தய எஞ்சின்களின் ஆயுளைத் தீர்மானிக்கும் வால்வு ஸ்பிரிங்குகள்

ஜெர்மனியின் ஹொக்கன்ஹைம் பந்தயத் திடலில் 'டிராக்' பந்தயம் எனப்படும் நேர்கோட்டு வேகப் போட்டிகள் பல ஆண்டுகளாக நடத்தப்பட்டு வந்துள்ளன. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடப்பது என்பதே இப்பந்தயத்தின் அடிப்படை.

அமெரிக்காவில் உருவான இப்பந்தயத்தின் 'ஸ்டாக்' பிரிவில், விற்பனைக்கு வந்த கார்களே பெருமளவு மாற்றமின்றிப் போட்டியிடுகின்றன. இத்தகைய எஞ்சின்களில் அதிக சோதனைக்கு உள்ளாகும் பாகங்களில் ஒன்று, வால்வுகளை மூடும் ஸ்பிரிங்.

வால்வு மிதத்தல்

எஞ்சினின் கேம் தண்டு வால்வைத் திறக்கிறது. அதை மூடுவது ஸ்பிரிங்கின் பொறுப்பு. நிமிடத்துக்கு 8,000 சுற்றுகள் சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு சுமார் 67 முறை திறந்து மூட வேண்டும்.

வேகம் பத்து சதவீதம் கூடினால், வால்வைக் கட்டுப்படுத்தத் தேவைப்படும் விசை 21 சதவீதம் கூடுகிறது. அந்த விசை போதாதபோது வால்வு கேமின் வடிவத்தைப் பின்பற்றாமல் 'மிதக்க'த் தொடங்குகிறது. அவ்வாறு மிதக்கும் வால்வு பிஸ்டனில் மோதினால் எஞ்சினே சிதைந்துவிடக்கூடும்.

மெர்சிடிஸின் மாற்று வழி

இந்தச் சிக்கலுக்கு ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வேறொரு தீர்வை முன்வைத்தது. அதன் டபிள்யூ 196 பந்தயக் காரில் வால்வு ஸ்பிரிங்குகளே இல்லை. வால்வைத் திறப்பதற்கு ஒரு கேம், மூடுவதற்கு மற்றொரு கேம் என 'டெஸ்மோட்ரோமிக்' முறை கையாளப்பட்டது. கலந்துகொண்ட 12 கிராண்ட் பிரீ போட்டிகளில் ஒன்பதில் இக்கார் வெற்றி பெற்றது.

ஆனால் இம்முறையும் குறையற்றதல்ல. 1955ஆம் ஆண்டு மொனாக்கோ போட்டியில் முன்னணியில் இருந்த ஸ்டர்லிங் மோஸ் எஞ்சின் கோளாறால் விலக நேர்ந்தது. வால்வு அமைப்பில் இருந்த சிறு திருகு ஒன்று முறிந்ததே காரணம் என்று கூறப்பட்டது.

விதிகளின் நெருக்கடி

ஸ்டாக் பிரிவினருக்கு இத்தகைய மாற்று வழி கிடையாது. வால்வு உயரும் அளவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அளவைத் தாண்டக்கூடாது. ஆனால் வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதில் சுதந்திரம் உண்டு. எனவே வால்வை மிக விரைவாக உயர்த்தி, நீண்ட நேரம் திறந்து வைத்து, மிக விரைவாக மூடும் கேம்கள் பயன்படுத்தப்படுகின்றன. இதன் சுமை முழுவதும் ஸ்பிரிங்கின் மீதே விழுகிறது.

வலிமையான ஸ்பிரிங்கைப் பொருத்துவது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் அழுத்தம் கூடும்போது கேமும் அதன் மீது இயங்கும் பாகங்களும் விரைவில் தேய்கின்றன. தவிரவும், ஸ்பிரிங்கின் இயல்பான அதிர்வு எஞ்சின் வேகத்துடன் ஒத்திசைந்தால், வெப்பத்தாலும் உலோகச் சோர்வாலும் அது விறைப்பை இழந்துவிடும்.

ஆகவே, ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பதும், குறைந்தவற்றை உடையும் முன்பே மாற்றுவதும் அவசியமாகின்றன. சொந்தப் பணத்தில் பந்தயத்தில் ஈடுபடுவோருக்கு, எஞ்சினையே இழப்பதைவிட இந்தச் செலவு மிகக் குறைவானதே.