மலாயா றெயில்வேயும் மருதனார்மடத்துக் கணினிப் பட்டதாரிகளும்

மருதனார்மடம் சந்தியைச் சூழவுள்ள ஊர்களில் இன்று பிள்ளையொன்றுக்குப் பெரிய கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்தால், அது குடும்பத்தின் பெருமையாகப் பேசப்படுகிறது. எமக்கு இது புதிய அனுபவமன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தார் தம் காலத்தின் மாபெரும் தொழில்நுட்ப நிறுவனமொன்றில் உத்தியோகம் பார்த்தவர்கள். மலாயா றெயில்வே என்பது அதன் பெயர்.

மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. 1901இல் கூட்டு மலாய் மாநில றெயில்வே உருவானபோது அதன் முதற் பொது முகாமையாளரான ஸ்பூனர், முன்னர் இலங்கையில் பொறியியலாளராக இருந்தவர். ஆங்கிலமும் கணக்கும் அறிந்த எழுதுவினைஞர்களும் நிலைய அதிபர்களும் அங்கே தேவைப்பட்டனர். எமது மிசன் பாடசாலைகள் அத்தகையோரை உருவாக்கியிருந்தன. அவர்கள் அனைவருக்கும் போதிய வேலை உள்ளூரில் இருக்கவில்லை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியதே 1902இல்தான். சுன்னாகத்திற்குத் தண்டவாளம் வருமுன்னரே நம்மவர்கள் மலாயாவில் புகைவண்டிகளை அனுப்பிக் கொண்டிருந்தனர்!

நன்மைகள் கண்ணுக்குத் தெரிந்தவை. நிலையான சம்பளம், அரசாங்கக் குடியிருப்பு, எல்லாவற்றிற்கும் மேலாக ஓய்வூதியம். மலாயாக் காசில் கல்வீடுகள் எழுந்தன; காணிகள் வாங்கப்பட்டன; கோயில்கள் புதுப்பிக்கப்பட்டன. மலாயா மாப்பிள்ளைக்குச் சீதனம் உயர்ந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நம்மவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோவில் இன்றும் நிற்கிறது.

தீமைகள் மெல்லத்தான் தெரிந்தன. உயர்பதவிகள் ஐரோப்பியருக்கே உரியனவாயின. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் எழுதுவினைஞர் பெரும்பாலும் எழுதுவினைஞராகவே ஓய்வு பெற்றார். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஆட்குறைப்பும் வந்தது. 1942இல் மலாயா யப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்த பணமும் கடிதமும் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் நின்றுபோயின. எங்கோ எடுக்கப்படும் முடிவு எமது அடுப்பை அணைக்கும் என்பதை அன்றுதான் பல வீடுகள் உணர்ந்தன.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. மேற்கூரை திறந்துவிட்டது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2015இல் கூகுளின் தலைமைப் பதவிக்கு வந்தார். ஆனால் காலடி நிலம் உறுதியாக இல்லை. 2023 சனவரியில் மட்டும் கூகுள் சுமார் 12,000 பேரையும் மைக்ரோசொப்ட் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால், வேறு வேலை தேட அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறுபது நாட்களே. அன்று உயர்வு இல்லை, ஓய்வூதியம் இருந்தது. இன்று உயர்வு உண்டு, உத்தரவாதம் இல்லை.

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்” என்பது எமது ஊர்ப் பழமொழி. கோறணமேந்தின் இடத்தில் இன்று கூகுள் அமர்ந்திருக்கிறது, மனப்பாங்கு மாறவில்லை. மலாயாக் காசு மதிலாகவும் சீதனமாகவும் மாறிய அளவுக்கு ஊரில் தொழிலாக மாறவில்லை. அதனால்தான் அந்த வாசல் அடைபட்டபோது அடுத்த தலைமுறை மீண்டும் கடல் கடக்க வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனத்திற்குப் போகும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. சம்பளத்தோடு தொழிலையும் கற்று வந்து, ஒரு சிறு பங்கையேனும் இம்மண்ணில் ஊன்றச் சொல்வோம்.